சாறு எப்படி எடுத்தீர்கள்? எண்டோட் காயும் அட்வா ஓடை நத்தைகளும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1964-ஆம் ஆண்டு. வடக்கு எத்தியோப்பியாவில் அட்வா என்ற சிறு நகரம். 1896-இல் இத்தாலியப் படையை எத்தியோப்பியர்கள் முறியடித்த அதே அட்வாதான். ஊரை ஒட்டிய ஓடையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருக்கிறார்கள். கையில் கடைச் சோப்பு இல்லை. எண்டோட் என்ற செடியின் காய்களை உலர்த்தி இடித்த தூள்தான். தண்ணீரில் கலந்து கசக்கினால் நம் பூந்திக்கொட்டையைப் போலவே நுரை பொங்கும்.

அக்லிலு லெம்மா என்ற இளம் எத்தியோப்பிய ஆய்வாளர் அந்த ஓடைக்கு வந்தது நத்தைகளைப் பார்க்க. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் முடித்துவிட்டு நாடு திரும்பியிருந்தார். துணி துவைக்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே செத்த நத்தைகள் நிறையக் கிடப்பது அவர் கண்ணில் பட்டது. ஓடையின் மற்ற பகுதிகளில் அப்படி இல்லை. துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் சொல்லி, உயிருள்ள நத்தைகள் இருந்த பாத்திரத்தில் கொஞ்சம் நுரைத்தண்ணீரை விடச் சொன்னார். நத்தைகள் சுருங்கிச் செத்தன.

நச்சியல் வகுப்பில் நான் முதலில் சொல்வது இந்தக் காட்சியைத்தான். ஒரு குறுகிய கால நச்சுச் சோதனைக்கு வேண்டிய உறுப்புகள் எல்லாமே இதில் இருக்கின்றன. சோதிக்கும் பொருள் நுரைத்தண்ணீர். சோதனை உயிரி நத்தை. பார்க்கும் விளைவு சாவு. ஒப்பிட்டுப் பார்க்க, நுரை கலக்காத ஓடைப் பகுதியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள். எவ்வளவு தூள், எவ்வளவு தண்ணீர், எத்தனை நேரம் என்ற கணக்கு மட்டும்தான் இல்லை. அந்தக் கணக்கைப் போட்டு முடிக்க அடுத்து இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. ஏன் அத்தனை காலம் ஆயிற்று, அதில் எவ்வளவு நியாயம், எவ்வளவு அநியாயம் என்பதைத்தான் இங்கே எழுத நினைக்கிறேன்.

நத்தையைக் கொல்வது எதற்கு?

நத்தை மீது யாருக்கும் பகை இல்லை. சிஸ்டோசோமியாசிஸ் என்ற ஒட்டுண்ணி நோய்தான் காரணம். பில்ஹார்சியா என்றும் சொல்வார்கள். 1851-இல் கெய்ரோவில் அந்தப் புழுவைக் கண்டறிந்த தியோடர் பில்ஹார்ஸ் பெயரால் வந்தது. நோயாளியின் மலத்தோடு முட்டைகள் தண்ணீருக்குப் போகும். பொரிந்து வரும் இளம்புழு ஒரு குறிப்பிட்ட நன்னீர் நத்தைக்குள் நுழைந்து அங்கே பல்கிப் பெருகும். பிறகு வாலுள்ள நுண்புழுக்களாக நத்தையிலிருந்து வெளியே வந்து, தண்ணீரில் கால் வைத்தவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். துணி துவைக்கும் பெண்ணும், நீச்சலடிக்கும் சிறுவனும், வயலுக்கு நீர் பாய்ச்சுபவரும் இதற்குத் தப்ப முடியாது. நத்தை இல்லாவிட்டால் இந்தச் சங்கிலி நடுவில் அறுந்துபோகும்.

அறுப்பதற்கு மருந்து இருந்தது. நிக்லோசமைடு என்ற செயற்கை நத்தைக்கொல்லியை ஜெர்மனியின் பேயர் நிறுவனம் விற்றது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே நன்றாக வேலை செய்யும். ஆனால் விலை அதிகம், அன்னியச் செலாவணி வேண்டும். நோய் இருந்த ஊர்களிடம் அது இல்லை. எண்டோட்டோ வேலியோரம் தானாக வளரும் செடி. இந்த இடத்தில்தான் லெம்மாவின் கண்டுபிடிப்பு பெரிதாகிறது.

நுரைக்குள் இருப்பது

எண்டோட்டின் தாவரப் பெயர் ஃபைட்டோலக்கா டோடெகாண்ட்ரா. காய்க்குள் இருக்கும் நஞ்சு சப்போனின் வகை. பூந்திக்கொட்டை, சீயக்காய், அரப்பு, இலுப்பைப் புண்ணாக்கு எல்லாவற்றிலும் இருப்பது இதே குடும்பம்தான். மூலக்கூறின் ஒரு பக்கம் எண்ணெயோடு சேரும், மறுபக்கம் தண்ணீரோடு சேரும். அழுக்கு போவதும் அதனால்தான், நத்தை சாவதும் அதனால்தான். உயிரணுச் சவ்வில் உள்ள கொலஸ்டிராலோடு சப்போனின் போய் ஒட்டிக்கொண்டு சவ்வை ஓட்டையாக்கிவிடும். ரத்தச் சிவப்பணுக்கள் மீது விட்டால் அவை உடைந்து கரையும்.

துவைக்கும் பெண்ணின் கைக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்பார்கள். நம் தோலின் மேல்பரப்பு தடித்தது. வாய்வழியாகப் போனாலும் பெரும்பாலான சப்போனின்கள் குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். நத்தைக்கோ உடம்பு முழுவதும் ஈரமான மென்தோல். மீனுக்குச் செவுள். ரத்தமும் தண்ணீரும் ஒரு மெல்லிய படலத்தால் மட்டும் பிரிந்திருக்கும் இடம் அது. ஆகவே நத்தையைக் கொல்லும் அளவு சிறு மீன்களையும் கொல்லும். இதை எண்டோட் ஆதரவாளர்கள் மறைக்கவில்லை, மறைக்கவும் முடியாது.

நம் பக்கத்து மீன் வளர்ப்பில் இதே குணத்தைத்தான் வேறு விதமாகப் பயன்படுத்துகிறோம். குஞ்சு விடுவதற்கு முன் குளத்திலுள்ள களைமீன்களை அழிக்க ஹெக்டேருக்கு 2000 முதல் 2500 கிலோ வரை இலுப்பைப் புண்ணாக்கு போடுவது வழக்கம். ஒரு மீட்டர் ஆழக் கணக்கில் அது லிட்டருக்கு 200 முதல் 250 மில்லிகிராம். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு போய், புண்ணாக்கு எருவாகிவிடும். இறால் குளங்களில் தேயிலை விதைப் புண்ணாக்கு போடுவார்கள். மீன் சாகும், இறால் தப்பும். ஒரே தண்ணீர், ஒரே நஞ்சு, ஆனால் ஓர் உயிர் போகிறது, ஓர் உயிர் பிழைக்கிறது. “நச்சுத்தன்மை உண்டா” என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த உயிருக்கு என்றும் கேட்டாக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது.

சோதனையின் பாதி, சாறு எடுப்பதில்

இனி முக்கியமான விஷயம். தாவரச் சாறு ஒற்றைப் பொருள் இல்லை. நிக்லோசமைடு 1 மில்லிகிராம் என்றால் உலகத்தில் எங்கே எடை போட்டாலும் அது அதுதான். “எண்டோட் சாறு 20 பிபிஎம்”, அதாவது லிட்டருக்கு 20 மில்லிகிராம், என்றால்? 20 மில்லிகிராம் உலர்காய்த் தூளா? அதிலிருந்து எடுத்து உலர்த்திய சாற்றுப்பொடியா? பிரித்தெடுத்த தூய சப்போனினா? மூன்றும் மூன்று வேறு எண்கள். தூளாகச் சொல்லும்போது லிட்டருக்குப் பத்து, இருபது மில்லிகிராம் என்ற அளவில் நத்தை செத்தால், உள்ளே இருக்கும் தூய பொருள் அதில் ஒரு சிறு பங்குதான். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் ராபர்ட் பார்க்ஹர்ஸ்ட்டும் உடனிருந்தவர்களும் 1970-களின் தொடக்கத்தில் அந்தத் தூய பொருளைப் பிரித்து, லெம்மாவின் பெயரால் லெம்மாடாக்சின் என்று பெயரிட்டார்கள்.

இன்னொன்று இதைவிடச் சுவையானது. முழுக் காய்க்குள் சப்போனின் தூங்கிக்கொண்டிருக்கிறது என்றே சொல்லலாம். ஒலியனாலிக் அமிலம் என்ற மையத்தின் இரண்டு முனைகளிலும் சர்க்கரைச் சங்கிலி மாட்டியிருக்கும் வடிவம் அது. அந்த நிலையில் நத்தையை அது ஒன்றும் செய்யாது. காயை இடித்துத் தண்ணீரில் போட்டதும் காய்க்குள்ளேயே இருக்கும் நொதி விழித்துக்கொண்டு ஒரு பக்கத்துச் சங்கிலியை வெட்டிவிடும். ஒற்றைச் சங்கிலியோடு மிஞ்சும் பொருள்தான் கொல்லும். சுவிட்சர்லாந்தில் ஹோஸ்டெட்மனின் ஆய்வுக்குழு 1980-களில் இதைப் பிரித்துக் காட்டியது. மெத்தனால் என்ற ஆல்கஹால் கரைப்பானில் சாறு எடுத்தால் இரட்டைச் சங்கிலி வடிவமே கிடைக்கிறது, தண்ணீரில் எடுத்தால் ஒற்றைச் சங்கிலி வடிவம் கிடைக்கிறது.

இதன் பொருளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். தாவரச் சாறு என்றதும் நம் ஆய்வகங்களில் கை தானாகப் போவது மெத்தனால் பாட்டிலுக்குத்தான். சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சாறு இறக்கும் சாக்ஸ்லெட் கருவியில் ஏற்றி, வடித்து, உலர்த்தி, அதைக் கரைத்து நத்தைக்குக் கொடுப்போம். எண்டோட்டுக்கு அப்படிச் செய்தால் நத்தைகள் நிம்மதியாக ஊர்ந்துகொண்டிருக்கும். “இந்தத் தாவரத்துக்கு நத்தைக்கொல்லும் திறன் இல்லை” என்று ஒரு கட்டுரைகூட எழுதிவிடலாம். கணக்கில் பிழை இருக்காது, புள்ளியியலில் பிழை இருக்காது, முடிவு மட்டும் தலைகீழ். கொதிக்கும் நீரில் போட்டாலும் நொதி கெட்டுப்போகும் என்பதால் அதுவும் ஆபத்துதான். காயை உலர்த்தி, இடித்து, ஓடையின் குளிர்ந்த நீரில் கசக்கிய அட்வா பெண்கள் செய்ததுதான் சரியான முறை. அவர்கள் கைப்பழக்கத்துக்குள் அந்த வேதியியல் இருந்தது.

காயின் பருவமும் கணக்கில் வரும். பழுத்துச் சிவந்ததைவிட முற்றிய பச்சைக் காய்க்கு வீரியம் அதிகம். செடிக்குச் செடியும் வேறுபடும். லெம்மாவோடு உழைத்த தாவரவியலாளர் லெகெஸ்ஸே வோல்டெ-யோஹன்னஸ் எத்தியோப்பியாவின் பல பகுதிகளிலிருந்து எண்டோட் வகைகளைத் திரட்டி வளர்த்து, விளைச்சலும் வீரியமும் கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். 44 என்ற எண்ணோடு அது ஆய்வுலகில் நிலைத்துவிட்டது. நத்தை செத்ததா என்று பார்ப்பதோடு ஒப்பிட்டால், பல ஆண்டு பாத்தி கட்டி நீர் ஊற்றிய இந்த வேலைக்கு விளம்பரம் இல்லை. ஆனால் இது இல்லாமல் அந்த நச்சு எண்ணுக்கு மதிப்பே இல்லை என்பது என் கருத்து.

பீக்கருக்குள்

நத்தைச் சோதனையின் எலும்புக்கூடு எளிது. ஒரே அளவு நத்தைகள், குளோரின் நீக்கிய தண்ணீர், படிப்படியாக ஏறும் ஐந்தாறு செறிவுகள், சாறு இல்லாத ஒரு கட்டுப்பாட்டுக் குழு. 24 மணி நேரம் சாற்றில் வைத்து, பிறகு கழுவிச் சுத்தமான தண்ணீரில் விட்டு, குறைந்தது இன்னொரு நாள் பார்க்க வேண்டும்.

அந்த இன்னொரு நாளை விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர். நான் மாணவனாக இருந்தபோது நானும் விட்டிருக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்து இந்தோபிளானார்பிஸ் நத்தைகளைப் பூந்திக்கொட்டைச் சாற்றில் போட்டோம். தட்டையாகச் சுருண்ட ஓடு, பில்ஹார்சியா புழுவைச் சுமக்கும் பயோம்ஃபலேரியா நத்தையின் உறவுக்காரன். 24 மணி நேரம் முடிந்ததும் பாதிக்கு மேல் ஓட்டுக்குள் ஒடுங்கி அசையாமல் கிடந்தன. குச்சியால் தொட்டோம், அசைவில்லை. “செத்தது” என்று நோட்டில் எழுதினோம். கொட்டிவிடலாம் என்று எடுத்தபோது ஆய்வக உதவியாளர் அண்ணன், “இருங்க தம்பி, நல்ல தண்ணியில போட்டு வைங்க, காலைல பாருங்க” என்றார். காலையில் வந்து பார்த்தால் எங்கள் கணக்கில் செத்துப்போன நத்தைகளில் சில, பீக்கர் சுவரில் பாதி உயரம் ஏறிவிட்டிருந்தன. கொம்பை நீட்டிக்கொண்டு.

நத்தை நஞ்சை உணர்ந்ததும் இரண்டு காரியம் செய்யும். ஒன்று, ஓட்டுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். இரண்டு, தண்ணீரைவிட்டு மேலே ஏறிவிடும். முதலாவதைச் சாவு என்று எண்ணினால் நச்சுத்தன்மை கூடித் தெரியும். இரண்டாவதைத் தடுக்க வலை போடாவிட்டால் நச்சுத்தன்மை குறைந்து தெரியும். உண்மையில் செத்ததா என்று அறிய, ஓட்டைச் சற்று உடைத்து உருப்பெருக்கியின் கீழே இதயத் துடிப்பைப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. இந்தக் குடும்பத்து நத்தைகளுக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. இவற்றின் உடல்திரவத்தில் ஹீமோகுளோபின் இருப்பதால் அது சிவப்பாக இருக்கும். சப்போனின் வேலை செய்யும்போது ஓட்டின் வாயிலிருந்து ஒரு சிவப்பு இழை தண்ணீரில் மெல்ல இறங்கிப் பரவுவதைப் பார்க்கலாம். முதல்முறை பார்த்தபோது எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அதற்குப் பிறகு ஒரு நத்தையைக்கூடத் தேவைக்கு மேல் போட்டதில்லை.

ஓடையில் நத்தை மட்டுமா இருக்கிறது?

ஒரு நத்தைக்கொல்லியை ஓடையில் விடப்போகிறோம் என்றால், கொல்ல நினைக்காத உயிர்களுக்கும் அது என்ன செய்யும் என்று பார்த்தே ஆக வேண்டும். அங்கேதான் தண்ணீர்த்தெள்ளு எனப்படும் டாப்னியா வருகிறது. மீன் குஞ்சுகளுக்கு இது சோறு. பச்சைப் பாசியைத் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பதும் இதுவே.

இதற்கு, வேதிப்பொருள் சோதனைகளுக்கு விதிமுறை வகுக்கும் பன்னாட்டு அமைப்பான ஓஇசிடியின் 202-ஆம் வழிகாட்டி, 2004-இல் திருத்தப்பட்டது, ஆய்வகத்தில் சுவரில் ஒட்டி வைக்கத் தகுந்தது. பிறந்து 24 மணி நேரத்துக்குள்ளான டாப்னியா குஞ்சுகள். ஒரு செறிவுக்குக் குறைந்தது 20. ஐந்தைந்தாக நான்கு கிண்ணங்களில் பிரித்தால் நல்லது. ஓர் உயிருக்கு 2 மில்லிலிட்டராவது தண்ணீர். குறைந்தது ஐந்து செறிவுகள், ஒன்றுக்கொன்று 2.2 மடங்குக்கு மேல் இடைவெளி கூடாது. 48 மணி நேரம், தீனி கிடையாது. சாவை இதில் எண்ணுவதில்லை, அசைவின்மையை எண்ணுகிறோம். கிண்ணத்தை மெல்ல ஆட்டிவிட்டு 15 நொடிக்குள் நீந்தாவிட்டால் அது அசைவற்றது. கட்டுப்பாட்டுக் குழுவில் 10 விழுக்காட்டுக்கு மேல் அசைவிழந்தால் சோதனை செல்லாது. இருபதில் இரண்டு போகலாம், மூன்றாவது போனால் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜன் முடிவில் லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது.

கடைசியில் சொன்ன ஆக்சிஜன்தான் தாவரச் சாற்றுக்குக் கண்ணி. சாற்றில் சப்போனினோடு சர்க்கரை, மாவு, புரதம் எல்லாம் வரும். பாக்டீரியாவுக்கு விருந்து. அவை பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். அதிகச் செறிவுள்ள கிண்ணத்தில் டாப்னியா அடியில் விழுந்து கிடந்தால், அது நஞ்சால் விழுந்ததா, மூச்சுத் திணறி விழுந்ததா? ஆக்சிஜனை அளக்காதவர் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. பிஎச், அதாவது அமில-கார அளவு, விஷயமும் அப்படியே. வளர்ப்புத் தொட்டியிலேயே டாப்னியாக்கள் வெளுப்பாக இல்லாமல் சிவந்து தெரிந்தால், அந்தத் தொட்டியில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு என்று பொருள். ஈடுகட்ட அவை ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்ளும். அந்தக் குஞ்சுகளைச் சோதனைக்கு எடுக்கவே கூடாது.

நுரையும் தொந்தரவு தரும். டாப்னியாவின் ஓட்டுக்குள் காற்றுக் குமிழ் புகுந்துவிட்டால் அது தண்ணீர் மேற்பரப்பில் சிக்கிக்கொண்டு இறங்க முடியாமல் தவிக்கும். நுரைக்கும் சாற்றைக் குலுக்கி ஊற்றினால் இது இன்னும் கூடும். எங்கள் முதல் முயற்சியில் இப்படி மேலே ஒட்டிக்கொண்டு கிடந்தவற்றை அசைவற்றவை என்று எண்ணி, பிறகு ஒருவர் பின்னால் ஒருவராக எண்ணியதில் மூன்று பேருக்கு மூன்று எண் வந்தது. அப்புறம்தான் சாற்றைப் பிப்பெட்டை மூழ்கவைத்து அடியில் விடக் கற்றுக்கொண்டோம். மேலே மிதப்பவற்றைத் தனியாகக் குறித்தும் வைத்தோம்.

சோதனைக்கு வந்த டாப்னியா கூட்டம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கவும் வழி உண்டு. நச்சளவு முன்பே தெரிந்த பொட்டாசியம் டைகுரோமேட்டில் 24 மணி நேரத்தில் பாதிப் பேரை அசைவிழக்கச் செய்யும் செறிவு லிட்டருக்கு 0.6 முதல் 2.1 மில்லிகிராமுக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் சாற்றின் மீது பழி போடக் கூடாது. கூட்டத்திலோ தண்ணீரிலோ கையிலோ கோளாறு.

அட்வாவில் ஐந்து ஆண்டுகள்

லெம்மா 1966-இல் அடிஸ் அபாபாவில் நோயுயிரியல் நிறுவனத்தைத் தொடங்கினார். இன்று அது அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. 1969 முதல் 1974 வரை அட்வா ஓடைகளில் எண்டோட்டை முறையாக விட்டுப் பார்த்தார்கள். ஊர் மக்களில் நோய் 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காட்டுக்கு இறங்கியது. சிறு குழந்தைகளிடம் 50-லிருந்து 7 விழுக்காட்டுக்கு.

இரண்டு எண்களில் இரண்டாவதுதான் பேசுகிறது. இந்தப் புழு மனித உடலுக்குள் பல ஆண்டுகள் வாழும். ஓடையில் ஒரு நத்தைகூட இல்லை என்று வைத்துக்கொண்டாலும், பெரியவர்களின் உடலில் பழைய புழு இருந்துகொண்டே இருக்கும். அதனால் மொத்த எண் மெதுவாகத்தான் இறங்கும். குழந்தையோ ஓடையில் மருந்து விடத் தொடங்கிய பிறகு பிறந்தது, அல்லது அப்போதுதான் நடக்கக் கற்றது. அதன் உடலில் புழு இல்லை என்றால், புதுத் தொற்று நின்றுவிட்டது என்று பொருள். பீக்கரில் பார்த்த 24 மணி நேரச் சாவு, ஐந்து ஆண்டு கழித்து ஒரு குழந்தையின் மலப் பரிசோதனையில் தெரிந்தது. இதற்கு இணையான தொடர்ச்சியை நச்சியலில் அரிதாகத்தான் பார்க்க முடியும்.

பிறகு ஏன் காத்திருந்தார்கள்?

இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டும் எண்டோட் உலகச் சந்தைக்கோ அரசுத் திட்டங்களுக்கோ போகவில்லை. பாதுகாப்புத் தரவு போதாது என்றார்கள் பன்னாட்டு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள். நல்ல ஆய்வக நடைமுறை, அதாவது ஜிஎல்பி, என்ற தரக் கட்டுக்குள் செய்த சோதனைதான் ஏற்கப்படும் என்றார்கள். ஓஇசிடி அந்த விதிமுறைகளை வகுத்ததே 1981-இல். எத்தியோப்பியாவில் சோதனைகள் நடந்தது அதற்குப் பல ஆண்டு முன்பு. பிறகு வளரும் நாடுகளின் ஆய்வுகளுக்கு நிதி தரும் கனடாவின் ஐடிஆர்சி அமைப்பு துணைநிற்க, பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த பாதுகாப்பு மதிப்பீடு 1991-இல் வெளியானது. கண்ணில் பட்டால் எரிச்சல், மீனுக்கு நஞ்சு. இந்த இரண்டும் எதிர்பார்த்தவைதான். பயந்த அளவுக்கு வேறு ஆபத்து தெரியவில்லை.

லெம்மா இதைப் பற்றி வெளிப்படையாகவே மனம் நொந்து பேசினார். 1989-இல் அவருக்கும் லெகெஸ்ஸேவுக்கும் ‘மாற்று நோபல்’ என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. ஆப்பிரிக்காவில், ஆப்பிரிக்கர் கண்டுபிடித்தது என்பதாலேயே அவநம்பிக்கையோடு பார்த்தார்கள் என்பது அவர் வாதம். நான் அந்தப் பக்கம்தான். ஆனால் மறுபக்கத்துக் கேள்வியையும் தள்ளிவிட மாட்டேன். எண்டோட்டை எத்தியோப்பியாவில் நாட்டு மருந்தாக உட்கொள்ளும் பழக்கமும், கருக்கலைப்புக்குப் பயன்படுத்தும் பழக்கமும் உண்டு. குடிநீரும் அதே ஓடையிலிருந்துதான் போகிறது. செடியில் காய்த்தது என்பதற்காகச் சோதனையிலிருந்து யாருக்கும் விலக்கு கிடையாது. “இயற்கையானது, ஆகவே தீங்கற்றது” என்று எண்ணெய்ப் பாட்டிலில் அச்சடிப்பவர்கள் அட்வா ஓடையின் செத்த நத்தைகளை ஒருமுறை பார்க்க வேண்டும். என் வருத்தம் சோதனை கேட்டதில் இல்லை. கேட்டவர்கள் அதற்கான பணத்தையும் கருவியையும் அப்போதே கொடுத்திருக்கலாம் என்பதில்தான்.

இடையில் பிராசிகுவாண்டல் மாத்திரை வந்தது. ஒரு வேளை மாத்திரையில் புழு சாகும் என்றானதும், நத்தைக் கட்டுப்பாட்டின் மீதான அக்கறை 1980-களில் குறைந்தது. மாத்திரை தின்ற குழந்தை மறுநாளே அதே ஓடையில் இறங்கும்போது மறுபடி தொற்றும் என்பது பிறகுதான் உறைத்தது. 2017-இல் உலக சுகாதார நிறுவனம் நத்தைக்கொல்லிகளைக் களத்தில் பயன்படுத்தும் முறை பற்றித் தனியாக ஒரு கையேடே வெளியிட்டது.

எண்டோட்டுக்கு நடுவே இன்னொரு வாழ்வும் வந்துபோனது. வட அமெரிக்காவின் பேரேரிப் பகுதியில் 1988-இல் கண்டறியப்பட்ட வரிக்குதிரைச் சிப்பிகள் குழாய்களை அடைத்துக்கொண்டிருந்த நேரம். டொலிடோ பல்கலைக்கழகத்தில் ஹெரால்டு லீ எண்டோட் சாற்றில் அந்தச் சிப்பிகள் சாவதைக் காட்டினார். 1990-களின் தொடக்கத்தில் காப்புரிமையும் வாங்கப்பட்டது. லெம்மாவின் பெயரும் அதில் உண்டு என்றாலும், எத்தியோப்பியப் பெண்களின் அறிவுக்கு உரிமை யாருக்கு என்ற விவாதம் அப்போதே கிளம்பியது. நச்சியல்காரனுக்கு இதில் ஒரு தனிப் பாடம் இருக்கிறது. சிப்பி, நத்தையைவிடக் கெட்டிக்காரன். நஞ்சு வந்தால் இரண்டு ஓடுகளையும் இறுக்கி மூடிக்கொண்டு பொறுத்திருக்கும். நத்தைக்குப் போட்ட 24 மணி நேரக் கணக்கை அப்படியே இதற்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

முட்டைகள்

குறுகிய கால எண் காட்டாத இடங்கள் சில உண்டு. எண்டோட் தண்ணீரில் ஓரிரு நாளில் சிதைந்து வீரியம் இழக்கும். ஓடைக்கு இது வரம். 48 மணி நேரச் சோதனைக்கு இது குழப்பம். முதல் மணியில் 20 மில்லிகிராம் இருந்தது கடைசி மணியில் எவ்வளவு இருந்தது என்று அளக்காமல், 20 என்றே எழுதி வைக்கிறோம். பாதி நேரத்தில் புதுச் சாறு மாற்றியவரும் மாற்றாதவரும் இரண்டு வேறு சோதனைகளைத்தான் செய்கிறார்கள்.

அடுத்தது முட்டை. நத்தையைக் கொல்லும் அளவில் எண்டோட் நத்தை முட்டைகளைக் கொல்வதில்லை. ஒளி ஊடுருவும் பசைக்குள் வரிசையாக அடுக்கிய முட்டைகளை நத்தை இலையின் அடியிலும் கல்லின் மீதும் ஒட்டிவிடும். அந்தப் பசையைத் தாண்டிச் சப்போனின் எளிதில் உள்ளே போகாது. ஆகவே ஓடையில் ஒருமுறை விட்டுவிட்டுப் போய்விட முடியாது. பொரிந்து வருபவை முட்டையிடும் வயதுக்கு வருவதற்குள் திரும்ப வர வேண்டும்.

பூந்திக்கொட்டைச் சோதனை முடிந்து பீக்கர்களைக் கழுவ வைத்திருந்தோம். விடுமுறை குறுக்கே வந்ததில் ஒன்றைக் கழுவாமலே விட்டிருந்தோம். பத்து நாள் கழித்து வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, கண்ணாடியின் உள்பக்கம் நாங்கள் கவனிக்காத ஒரு பசைத்திட்டு. அதைச் சுற்றி, குண்டூசித் தலையைவிடச் சின்னதாக, ஓடு சுருளத் தொடங்கியிருந்த ஏழெட்டு நத்தைக் குஞ்சுகள் கண்ணாடியை மேய்ந்துகொண்டிருந்தன.